மார்த்தாளின் ஜாடை

நான் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். பெயர் சடகோபன். திருத்தணி மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில் என் கடை. சாமி படம், கல்யாணப் படம், செத்தவர் படம், எது வந்தாலும் நாலு பக்கமும் கட்டை அடித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பேன். உள்ளே இருப்பது நல்ல ஓவியமா கெட்ட ஓவியமா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. ஓவியர்கள் என்றாலே எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். ஏன் என்று சொல்வதானால் மார்த்தாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மெட்ராஸே காலியானது. அப்போது கங்காதரன் என்ற இரும்பு வியாபாரி குடும்பத்தோடு இங்கே ஓடிவந்து, மலைக்குப் பின்பக்கம் ஒரு பங்களாவை வாங்கினார். பயம் தெளிந்ததும் ஊர் திரும்பிவிட்டார், பங்களா சும்மா கிடந்தது. மனுஷருக்குப் படம் என்றால் பைத்தியம். மெட்ராஸில் சித்திரம் படித்துவிட்டு வேலை வெட்டியில்லாமல் திரிந்தவர்களையெல்லாம் இங்கே அனுப்ப ஆரம்பித்தார். ஆளுக்கு ஓர் அறை, வேளாவேளைக்குச் சோறு, ஏன் என்று கேட்க ஆளில்லை. போகும்போது ஒரு படத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும், அதுதான் வாடகை. ஊரார் அதற்குப் பொம்மைக்காரன் பங்களா என்று பேர் வைத்தார்கள்.

அங்கே சமையல் மார்த்தாள். மிஷன் தெருப் பெண், கிறிஸ்து வேதத்தில் சேர்ந்த வேதக்காரக் குடும்பம். சாதி பார்க்கிறவனுக்கு இங்கே சோறு கிடையாது என்று கங்காதரன் முதலிலேயே சொல்லிவிட்டார். கட்டை, ஆணி கொண்டு போகும்போது நான் அவள் கையால் தண்ணீர்கூட வாங்காமல்தான் இருந்தேன். ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு கொதித்தது, என் வைராக்கியம் அத்தோடு போயிற்று.

அவள் புருஷன் ஜெபதாஸ் அரக்கோணம் லைனில் தண்டவாள வேலை பார்த்தவன். நல்ல உயரம். மார்சளி என்று ஆரம்பித்து ரத்தமாகக் கக்கத் தொடங்கினான், வேலை போயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பக்கமும் அரித்துவிட்டது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பங்களாவுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் அவனைக் கிடத்தியிருந்தாள். அவர்களுக்கு ஒரே பெண், பிரேமகுமாரி. அது நாலு வயதில் அம்மை போட்டுப் போய்விட்டது. சர்ச்சின் கல்லறைத் தோட்டத்தில் புதைத்திருந்தார்கள், பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. "பாப்பா பக்கத்துல என்னைப் போட்டுடுங்கப்பா, வேற எதுவும் வேணாம்" என்று என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். சாகப்போகிறவனுக்குச் சொத்து சுகமா கேட்கத் தோன்றும்? அந்த ஆறடி மண்தான் அவன் ஆசை.

பங்களாவில் விடிவதற்கு முன்னாலேயே மார்த்தாள் அடுப்பு மூட்டுவாள். ஓவியர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து காபிக்கு நிற்பார்கள். காபி என்று பேர்தான், ரேஷன் காலத்தில் அதில் பாதி வறுத்த கேழ்வரகு. குடித்துவிட்டு ஒருத்தர் பலகையைத் தூக்கிக்கொண்டு மலையேறுவார், ஒருத்தர் சந்தைக்குப் போய் மாடு வரைவார், இன்னொரு மகானுபாவர் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வார். கடையில் வர்ணம் கிடைக்காது. மலையில் காவிக்கல் பொறுக்கி வந்து மார்த்தாளின் அம்மியிலேயே அரைப்பார்கள். "நேத்து சட்னில மண்ணு வாசன அடிக்குதுன்னு சொன்னீங்களே, எந்தப் புண்ணியவான் அரைச்சான்னு கேளுங்க!" என்று அவள் கத்துவாள். பொதட்டூர்பேட்டைத் தறித் துணியை நான் கட்டையில் இழுத்து ஆணி அடித்துக் கொடுப்பேன். அதன்மேல் வஜ்ஜிரப் பசையும் சீமைச் சுண்ணாம்பும் பூசிக் காயவைத்து வரைவார்கள்.

பொழுது சாயும்போது அன்றைக்கு வரைந்ததையெல்லாம் வராந்தாவில் வரிசையாகச் சாய்த்துவைப்பார்கள். ஒருத்தர் படத்தை மற்றவர்கள் கிழிகிழி என்று கிழிப்பார்கள். நிறம் செத்துப்போயிற்று என்பார்கள், மாடா பன்றியா என்பார்கள். வரைந்தவர் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும், அதுதான் அந்த வீட்டு வழக்கம். கஜபதி என்கிற மெட்ராஸ்காரர் ஒருவருக்கு மட்டும் ஒரு வியாதி. எதையும் பொறுத்துக்கொள்வார், ஜாடை வரவில்லை என்று மட்டும் சொல்லக் கூடாது. ஒரு தடவை எவரோ சொல்லப்போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டே பறந்தது. சுவரில் ஒட்டின சோற்றை மார்த்தாள்தான் துடைத்தாள்.

இந்தக் கஜபதி காலண்டருக்குப் படம் போடுகிறவர். அதனால் மற்றவர்களுக்கு அவர்மேல் கொஞ்சம் இளக்காரம். ஒரு சீயக்காய்க் கம்பெனி அவரிடம் தினைப்புனம் காக்கிற வள்ளி படம் கேட்டிருந்தது. பார்த்து வரைய ஒரு பெண் வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் நிற்பார்களா? உருவத்தை எடுத்துக்கொண்டால் ஆயுசு குறைந்துவிடும் என்று ஓடினார்கள். கடைசியில் அவர் சமையலறைக்கு வந்து நின்றார்.

"அண்ணே, இவரு இன்னா கேக்குறாரு பாருங்க" என்று மார்த்தாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வேதக்காரியப் போயி வள்ளியம்மாவா நிக்கச் சொல்றாரு. சபையில தெரிஞ்சா தோல உரிச்சுத் தொங்கவுட்டுடுவாங்க."

"உன்னை யாரும்மா வள்ளின்னது?" என்றார் கஜபதி. "கவணைக் கையில வெச்சிகினு நில்லு. குருவி ஓட்டுற பொம்பளை, அவ்ளோதான். உன் வீட்டுக்காரனுக்குத் தெனமும் பாலு, முட்டை, என் பொறுப்பு."

பால் என்றதும் அவள் சிரிப்பு நின்றது. டாக்டர் சொன்ன பாலையும் முட்டையையும் அவள் எங்கே போய் வாங்குவாள்? கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மூஞ்சி என்னுது வரக்கூடாதுங்க."

"வராது. மூஞ்சிக்கு வேற யாரையாவது பாத்துக்கிறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

மத்தியானம் எல்லோரும் தூங்குகிற நேரத்தில் சமையலறை மேசைதான் பரண். அதன்மேல் கவணோடு நிற்பாள். கால் மரத்துப்போகும், ஈ உட்கார்ந்தால் ஓட்ட முடியாது. "சோறு ஆக்குறதே மேலுடா சாமி" என்பாள். ஆனாலும் கல்லாட்டம் நின்றாள். ஒன்றே ஒன்றுதான் அவளால் முடியவில்லை. பின்னாலிருந்து இருமல் கேட்டால் தலை தானாக அந்தப் பக்கம் சாயும். இருமல் ரொம்ப நேரம் கேட்காவிட்டாலோ கவணை வீசிவிட்டு ஓடுவாள். "ஆடாதேம்மா!" என்று கஜபதி பல்லைக் கடிப்பார். படத்தில் கை வந்தது, இடுப்பு வந்தது, தினைக்கதிர் வந்தது, முகம் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அவள் தைரியமாக அதன் பக்கத்தில் நின்று வேலை செய்தாள்.

முகத்துக்கு அந்த ஆள் படாத பாடு பட்டார். அரக்கோணம் போய் ரயிலேறுகிற பெண்களையெல்லாம் பார்த்து உதை வாங்காத குறை. ஒரு முகம் போடுவார், கத்தியால் சுரண்டுவார். இன்னொன்று போடுவார், அதையும் சுரண்டுவார். பிறகு ஒரு நாள் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டு, முடிந்தது என்றார். மெட்ராஸ் அனுப்ப நான்தான் மரப்பெட்டி அடித்தேன். என்னிடம் வரும்போதே துணி சுற்றித் தைத்திருந்தது.

தை பிறப்பதற்கு முன்னால் காலண்டர் வந்தது. கஜபதி காலண்டர்க் கட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு துள்ளிக் குதித்து வந்தார். மார்த்தாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு ஒன்றை வாங்கிப் பார்த்தாள். தலையை லேசாகச் சாய்த்து, எதையோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நிற்கிற வள்ளி. அச்சு அசல் இவள்தான்.

"அடி ஆத்தே, நான் இவ்ளோ அழகாவா இருக்கேன்?" என்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. "ஐயா, சத்தியம் பண்ணீங்களே" என்றாள்.

"வேற மூஞ்சி வரல மார்த்தா. நான் இன்னா பண்ணட்டும்? எதைப் போட்டாலும் பொம்மையா நிக்குது. நீ திரும்பிப் பாக்குற பாரு, அதான் படமே."

மனுஷனுக்கு அது தப்பாகவே தோன்றவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். அவள் புருஷன் இருமுகிறானா, செத்துவிட்டானா என்று கேட்கிற முகம் அது. ஊரெல்லாம் அதை வேலவனுக்காக ஏங்குகிற முகம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. அரக்கோணம் சலூன், பள்ளிப்பட்டு காபி கிளப், எங்கே பார்த்தாலும் அதுதான் தொங்கியது. என் கடைக்கே சட்டம் போடக் கொண்டுவந்தார்கள், கண்ணாடி உடைந்துவிட்டது, ஆணி தீர்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினேன். எத்தனை பேரை அனுப்ப முடியும்? மிஷன் தெருவுக்குச் சேதி போய்விட்டது.

சபையில் விசாரணை வைத்தார்கள். மார்த்தாள் பயந்தது தனக்காக அல்ல. சபையை விட்டு நீக்கினால் அந்தக் குடும்பத்துக்கே கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. ஜெபதாஸ் அப்போது கஞ்சித் தண்ணீரைக்கூட விழுங்க முடியாமல் கிடந்தான். மன்னிப்புக் கேட்டால் திரும்பச் சேர்ப்பார்கள், ஆனால் ஆறு மாதம் தள்ளித்தான் சேர்ப்பார்கள். அவனுக்கு ஆறு வாரமே தாங்காது. நான் கஜபதியைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னேன்: "ஐயா, ஒரே ஒரு வார்த்தை. நானா நெனச்சுப் போட்டது, இந்தம்மா மூஞ்சி இல்லன்னு சொல்லிடுங்க. உங்களுக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது." அவரும், "அட, சொல்லிட்டாப் போச்சு" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு சர்ச்சுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்தார்கள். போதகர் ஜெபரத்தினம் கெட்டவர் அல்ல, எப்படியாவது இது முடிந்தால் சரி என்றிருந்தார். மூப்பர்களில் பெரியவர் சற்குணம், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், நாக்கில் முள் வைத்திருப்பவர். நான் வாசற்படிக்கு வெளியே நின்றேன். சற்குணம் காலண்டரை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தைப் பார்த்தார், மார்த்தாளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"யாரு சொன்னது இது மார்த்தாள்னு?" என்றார். "மூக்கே வேற. இவளுக்குச் சப்பை மூக்கு. இது யாரோ."

எனக்கு உயிர் வந்தது. மற்ற மூப்பர்களும் எட்டிப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். போதகர் பெருமூச்சு விட்டார். மார்த்தாள் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தாள், ஸ்தோத்திரம் சொல்லியிருப்பாள். அத்தோடு விட்டிருக்கலாமே அந்த வாத்தியார்! சும்மா இருப்பாரா?

"சொல்லப்போனா இது மனுஷ மூஞ்சியே இல்ல" என்றார். "கண்ணு ஒண்ணு மேல கீது, ஒண்ணு கீழ கீது. கழுத்து கோணல். நம்ம பள்ளிக்கூடத்துப் பசங்க இதைவிட நல்லாப் போடுவானுங்க. ஒரு ஜாடையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

போதகர் கஜபதி பக்கம் திரும்பினார். "இது இவங்க முகம் இல்லதானே, ஐயா? நீங்களே உங்க வாயால சொல்லிட்டா முடிச்சுடலாம்."

கஜபதியின் காது இரண்டும் சிவந்துபோயிருந்தன. நான் வெளியிலிருந்து கையைக் கூப்பினேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை.

"கண்ணு மேல கீழ இல்லய்யா" என்றார். "தலை சாஞ்சிருக்குது. சாஞ்சா அப்படித்தான் தெரியும். இருபது வருஷமா மூஞ்சி போடுறேன், ஜாடை இல்லைங்கிறியே, கண்ணு தெரியுதா உனக்கு?" எழுந்து போனார். மார்த்தாளின் தாடையைப் பிடித்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக அவள் முகத்தைத் திருப்பி, லேசாகச் சாய்த்து, பக்கத்தில் காலண்டரைத் தூக்கிப் பிடித்தார். "இப்பப் பாருங்க! நல்லாப் பாத்துச் சொல்லுங்க!"

எல்லோரும் பார்த்தார்கள். பார்க்காமல் எப்படி இருப்பார்கள்? அந்தத் தாடை அவர் கையிலேயே இருந்தது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகி அவர் விரலில் பட்டபோதுதான் அந்த மனுஷனுக்கு என்ன செய்தோம் என்று உறைத்தது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். பாவி, அந்தக் கையை ஒரு நிமிஷம் முன்னால் எடுத்திருக்கக் கூடாதா!

மறுநாள் விடியும்போது கஜபதியின் அறை காலியாக இருந்தது. எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை.

மார்த்தாளை நீக்கிவிட்டார்கள். போதகரே ஒரு வழி சொன்னார். புருஷன் மூப்பர்கள் முன்னால், இதில் எனக்குச் சம்மதமில்லை, எனக்குத் தெரியாமல் போய் நின்றாள், அவள் செய்ததில் எனக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட்டால் அவன் சபையில் இருப்பான், தோட்டத்தில் இடம் உண்டு. ஜெபதாஸ் முடியாது என்று தலையாட்டினான். அவன் குடித்த பால் எதிலிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் குடித்தான்.

"சொல்லேன்யா" என்று மார்த்தாள் கெஞ்சினாள். "பாப்பா தனியாக் கெடக்குது."

அந்த ஒரு வார்த்தைக்கு அவன் மசிந்தான். நாலு மூப்பர்களும் கொட்டகைக்கு வந்து, மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். சொல்லச் சொல்ல அவனுக்கு இருமல் வந்தது. அவள்தான் முதுகைத் தடவித் தடவி, தனக்கு எதிராக அவனைச் சொல்லவைத்தாள். அந்தக் காட்சியைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை, வெளியே போய்விட்டேன். அவர்கள் போன பிறகு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். யார் கூப்பிட்டும் திரும்பவில்லை.

"ஏன்யா மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீற?" என்று அவள் கேலி பண்ணினாள். "பேதுரு ஆண்டவரையே தெரியாதுன்னு மூணு தடவ சொன்னாரு. நீ ஒரு தடவதானே சொன்ன. ஆண்டவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு, கஞ்சியக் குடி."

அவன் குடிக்கவில்லை. அந்த வாரமே போய்விட்டான்.

நீக்கப்பட்டவள் அடக்க ஆராதனைக்கு உள்ளே வரக்கூடாது என்று சற்குணம் சொல்லியனுப்பினார். மணி அடித்தார்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மார்த்தாள் பின்னாலேயே போய்த் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்றுகொண்டாள். சுவர் அவள் தலைக்கு மேல் உயரம். நானும் போனேன், அவளைத் தனியாக விட முடியவில்லை. சுவரோரம் ஒரு கருங்கல் கிடந்தது, அதன்மேல் ஏறி நின்றால் எனக்கு உள்ளே தெரிந்தது.

பிரேமகுமாரியின் சின்னச் சிலுவை வாசலுக்குக் கிட்டே இரண்டாவது வரிசையில் இருந்தது. பக்கத்து இடத்தில் புல் அப்படியே இருந்தது, யாரும் மண்வெட்டியை வைக்கவேயில்லை. பெட்டியை அதைத் தாண்டிக் கொண்டு போனார்கள். தாண்டி, கடைசிக்குப் போய், கள்ளிப் புதர் ஓரமாக இறக்கினார்கள். குழி அங்கே இருந்தது. இருமல் வியாதியில் செத்தவர்களை அந்தக் கோடியில்தான் புதைப்பது என்று அவர்களுக்குள் ஓர் ஏற்பாடாம், பின்னால் தெரிந்துகொண்டேன். நாலு பேர் வந்து நின்று ஒரு சாகிற மனுஷனின் வாயிலிருந்து அப்படியொரு பேச்சைப் பிடுங்கிக்கொண்டு போனார்களே, அன்றைக்கு ஒருத்தன் வாயிலிருந்தும் இது வரவில்லை. சுவரைத் தாண்டிக் குதித்து அந்தச் சற்குணத்தின் கழுத்தை நெரிக்கலாம் போல எனக்குக் கை துடித்தது.

"அண்ணே" என்று கீழேயிருந்து கேட்டாள். "எறக்கிட்டாங்களா?"

"ஆங், எறக்குறாங்க."

"பாப்பா பக்கத்துலதானே?"

"பக்கத்துலதான் மார்த்தா."

"மண்ணு தள்ற சத்தம் தூரமாக் கேக்குதே."

"செவுரு தடுக்குது. ஒட்டிகினே இருக்குது, நான்தான் பாத்துகினு கீறேனே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பாப்பாவுக்கு எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"அப்போ இவருக்கு இடது கைப் பக்கம் அவ" என்றாள். "அந்தக் கையிலதான் எப்பவும் தூக்கிகினு போவாரு." சொல்லிவிட்டுச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.